மட்டி வரும் வியாழக்கிழமை

சென்னையில் நல்ல இத்தாலியச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அந்தமானில் இருக்கிற ஒருவன் சொல்லக் கிளம்பினால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துவிட்டே கேளுங்கள். கண்டுபிடித்தவன் நான். தேட வைத்தவள் என் மனைவி விசாலாட்சி. வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும் என்பதால் எங்கள் கடையிலிருந்தே தொடங்குகிறேன்.

போர்ட் பிளேயரில் பஸ் ஏறினால் கடைசி நிறுத்தம் வண்டூர். அங்கே சுற்றுலாப் படகுகள் கிளம்பும் ஜெட்டிக்குப் போகிற சாலையில் எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கம் விசாலாட்சியின் கடை. என் பெயர் உதயசூரியன். போர்ட் பிளேயரில் கப்பல் டிக்கெட் கொடுக்கிற அலுவலகத்தில் விசாரணை ஜன்னலில் உட்கார்ந்திருப்பவன். நாங்கள் இருவரும் பிறந்து வளர்ந்தது தெற்கே இன்னொரு தீவில் இருக்கிற ஹட் பே என்ற ஊரில். எங்கள் இரண்டு அப்பாமாரும் அங்கே எண்ணெய்ப் பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். விசாலாட்சி கடையில் காலையில் இட்லி, பூரி. மத்தியானம் மீன் சாப்பாடு. இவற்றோடு இத்தாலியச் சாப்பாடு ஒன்றும் உண்டு. அது வந்து சேர்ந்த விதத்தைச் சொல்ல வேண்டும்.

ஊரடங்கு போட்ட வருஷம் ஜூலியா என்கிற இத்தாலியப் பெண் எங்கள் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்தாள். பவளப்பாறை பார்க்க ஒரு வாரத்துக்கு வந்தவள். விமானமும் கப்பலும் நின்றுபோக, மழைக்காலம் தொடங்கும்வரை எங்களோடுதான் கிடந்தாள். அவளுக்குத் தமிழோ ஹிந்தியோ தெரியாது. விசாலாட்சிக்கு இங்கிலீஷ் கொஞ்சம்தான். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அடுப்பு.

அவள்தான் மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்தாள். சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, பாய் போலச் சுருட்டி, கத்தியால் நறுக்கி உதறினாள். நீள நீளமாக நாடா விழுந்தது. கணவாய் மீனை வளையம் வளையமாக அரிந்து, பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் போட்டு, கப்பலில் வந்து தோல் சுருங்கிப்போன தக்காளியை அதில் மசித்து, நாடா வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டினாள். விசாலாட்சி பக்கத்தில் நின்று பார்த்தாள். மறுநாள் அவளே செய்தாள். அதற்கடுத்த வாரம் ஜூலியா அடுப்புப் பக்கமே வரவில்லை. தட்டை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

எங்களுக்கு ஒரே ஒரு மனக்குறை. இத்தாலியச் சாப்பாடு என்றால் டிவி விளம்பரத்தில் நாங்கள் பார்த்திருக்கிறோம். சீஸ் நூல் நூலாக இழுபடும். இங்கே கப்பல் இல்லை, சீஸுக்கு எங்கே போவது? பாவம், வயிற்றுக்குப் பழகினது இல்லாமல் சாப்பிடுகிறாளே என்று விசாலாட்சி தினமும் வருந்துவாள். போர்ட் பிளேயரில் எங்களுக்குப் பழக்கமான நூர்முகம்மது பாயின் மகன் அப்ஸல் சென்னை மண்ணடியில் இருந்துகொண்டு தீவுக்குச் சரக்கு அனுப்புகிறவன். சரக்குக் கப்பல் ஒன்றில் அவன் எப்படியோ ஒரு பாக்கெட் சீஸ் அனுப்பினான். அதைத் தட்டில் வைத்துச் சீர்வரிசை கொடுப்பது போல் ஜூலியாவிடம் கொடுத்தோம். அவள் எங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆனால் கணவாய் மேல் போடப் போன விசாலாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். நம் வீட்டுக்கு ஆகட்டும் என்று விட்டுக்கொடுக்கிறாள், என்ன தங்கமான பெண் என்று நாங்கள் கண் கலங்கினோம்.

அவள் ஊருக்குப் போன பிறகு அந்தச் சாப்பாடு கடைக்கு வந்தது. படகுக்காரர்களுக்கு அதன் பெயரெல்லாம் வாயில் நுழையவில்லை. பக்கத்து வீட்டுப் பிஸ்வாஸ் வங்காளி. அடியில் கண்ணாடி பதித்த சுற்றுலாப் படகு ஓட்டுபவன். அவன் வைத்ததுதான் பெயர்.

"பாபி, வோ மோட்டா சேவை தோ!" என்பான். அண்ணி, அந்தத் தடிச் சேவை கொடு என்று அர்த்தம். எல்லாரும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்கள்.

சுற்றுலாக்காரர்கள் மட்டும் சீஸ் எங்கே என்று கேட்டார்கள். அதனால் நான் ஒரு போர்டு எழுதித் தொங்கவிட்டேன். தமிழிலும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும்: 'கப்பல் வரவில்லை. சீஸ் இல்லை. மன்னிக்கவும்.' எங்கள் தீவில் வெங்காயம் இல்லை என்றாலும் கல்யாணப் பத்திரிகை அச்சாகவில்லை என்றாலும் காரணம் கப்பல்தான். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். அந்தப் போர்டு கப்பல் வந்த நாட்களிலும் கழற்றப்படாமல் தொங்கியது. ஒரே ஒரு முறை போர்ட் பிளேயரில் சீஸ் கிடைத்து, விசாலாட்சி ஆசையாகத் துருவிப் போட்டாள். அன்றைக்குச் சாப்பிட்ட வெள்ளைக்காரத் தம்பதி அதை முள்கரண்டியால் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார்கள். "பழைய சரக்கு போல. நாறியிருக்கும்" என்று அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டாள்.

இப்படி இருக்கையில்தான் சந்திரமோகன் வந்தார். கடற்கரையில் ரிசார்ட் வைத்திருப்பவர். மதுரைப் பக்கம். எங்கள் கடையில் வாரம் தவறாமல் தடிச் சேவை சாப்பிடுபவர்.

"அக்கா, எங்க டைனிங் ஹால் காலியா கெடக்கு. நீங்க எடுத்து நடத்துங்க. வெளிய பெருசா இத்தாலியன் ரெஸ்டாரன்ட்னு போர்டு. கொல்கத்தா பார்ட்டி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. நீங்க ஹான் சொன்னா அவங்கள பேக் பண்ணிருவேன்."

விசாலாட்சி கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. "இது இத்தாலியன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? நீங்கதான் சொன்னீங்க."

"ஒரு பொண்ணு எங்க வீட்டுல செஞ்சா. அதப் பாத்து நான் செய்யறேன். அதுவும் பாதி. சீஸ் இல்லாம. அசல் எப்படி இருக்கும்னு என் நாக்குக்கே தெரியாது. நாளைக்கு ஒருத்தன் வந்து இது என்னடா போலின்னு தட்டத் தள்ளிட்டுப் போனா, அந்தப் போர்டுக்குக் கீழ நான் எப்படி நிக்கறது?"

"யாரு தள்ளுவா?"

"நானே தள்ளுவேன். அசலத் தின்னா."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். இவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் கப்பலைத் திருப்பினாலும் இவளைத் திருப்ப முடியாது.

அன்று சாப்பிடும்போது கேட்டாள். "ஏங்க, நம்ம எல்.டி.சி. பாக்கி இருக்குல்ல?"

அரசு வேலைக்காரன் குடும்பத்தோடு மெயின்லேண்ட் போய்வரக் கிடைக்கிற சலுகை அது. எங்கள் ஆட்கள் அதில் ராமேஸ்வரம் போவார்கள், பழனி போவார்கள், உறவில் ஒரு கல்யாணத்தையும் சேர்த்து முடித்துவிட்டு வருவார்கள். நாங்கள் சென்னைக்கு இத்தாலியச் சாப்பாடு சாப்பிடப் போகிறோம் என்ற செய்தி சாலையின் கோடிவரை போயிற்று. எதிர்வீட்டு ராசம்மா வாசலில் நின்றே கேட்டாள்: "ஏன் விசாலம், கோயிலு கொளம் இல்லையா? கடல் தாண்டிப் போயி நூடுல்ஸா திங்கப் போற?"

"வேண்டுதல்டி" என்றாள் இவள். ராசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சந்திரமோகனிடம் பேச்சு முடிவானது இப்படி: நாங்கள் திரும்பும் கப்பல் ஏறுவதற்கு முன்னால் பதில் சொல்லிவிட வேண்டும். என்னிடம் மட்டும் விசாலாட்சி இன்னொன்றும் சொன்னாள். தன்னுடையது போலி என்று தெரிந்தால் ஹால் மட்டுமல்ல, தடிச் சேவையும் கிடையாது. கடையில் பூரியும் மீனும் போதும்.

சென்னையில் என் அக்கா மகன் அருண்பிரசாத் வீட்டில் இறங்கினோம். வேளச்சேரியில் இருக்கிறான், கம்ப்யூட்டர் கம்பெனி. விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்தான்.

"அத்தை, இதுக்கா மூணு நாள் கப்பல்ல வந்தீங்க? இங்க பாருங்க, ஸ்டார் போட்டிருக்கான். நாலரைக்கு மேல இருந்தா கண்ண மூடிட்டுப் போலாம்."

"யாருடா ஸ்டார் போடறது?"

"சாப்பிட்டவங்க."

"அவங்க யாரு?"

"அதெல்லாம் தெரியாது அத்தை. நெறைய பேரு."

முதல் கடை பெரிய மால் ஒன்றின் மேல்மாடியில் இருந்தது. ஏ.சி.யில் உட்கார்ந்து, கடலுணவு பாஸ்தா கேட்டோம். வெள்ளைக் குழம்பில் நாடா மூழ்கிக் கிடந்தது. அதற்கு மேல் சீஸ். அதற்கும் மேல் பரிமாறுகிறவர் துருவியோடு வந்து, "சொல்லுங்க, போதும்னா நிறுத்தறேன்" என்று துருவ ஆரம்பித்தார். அருண்பிரசாத் கடைசிவரை சொல்லவே இல்லை.

விசாலாட்சி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இறாலை ஓரமாக எடுத்து வைத்துத் தனியாகத் தின்று பார்த்தாள்.

"எப்படி அத்தை?"

"பாயசத்துல எறா விழுந்த மாதிரி இருக்கு" என்றாள். பிறகு குரல் தாழ்ந்துவிட்டது. "ஆனா பாருங்க, எவ்வளவு சீஸ் போடறாங்க. நான் ஒரு துளி போட்டதில்ல."

இரண்டாவது கடையும் அவன் போனில் பார்த்துச் சொன்னதுதான். மொட்டைமாடி, மெழுகுவத்தி, பாட்டு. உள்ளே போவதற்கு முன் நான் என் வழியில் ஒன்று செய்து பார்த்தேன். விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட வழி. எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்று பயணிகளைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். விசிறி ஓடவில்லை என்பான் ஒருவன், பருப்பு தண்ணீர் என்பான் இன்னொருவன். அதைக் கேட்கவே கூடாது. 'திரும்ப எந்தக் கப்பலில் போகிறீர்கள்?' என்று கேட்க வேண்டும். அந்தப் பதிலில் பொய் இருக்காது.

ஆகவே வெளியே வந்தவர்களை மறித்து, "மன்னிக்கணும், அடுத்து எப்ப இங்க வருவீங்க?" என்று கேட்டேன். இரண்டு பேர் என்னைக் கணக்கெடுக்க வந்தவன் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒரு பெண் மட்டும் நின்று, "ஹஸ்பண்ட் பர்த்டேக்கு அங்கிள்" என்றாள். அதற்குப் பின் வந்த பையனும் பர்த்டே என்றான். பிறந்தநாளுக்கு மட்டும் வருகிற இடத்தில் கேக்கைத்தான் தின்ன வேண்டும் என்று எனக்குப் பட்டது. சொன்னேன். அருண்பிரசாத் கேட்கவில்லை.

"மாமா, நீங்க வாசல்ல நின்னு சர்வே எடுக்காதீங்க. வாட்ச்மேன் பாக்கறான்."

உள்ளே போனோம். மீனும் கணவாயும் போட்டது என்று சொல்லிக் கொண்டுவந்தார்கள். மேலே சீஸ் பொன்னிறமாகப் பொரிந்து ஓடு கட்டியிருந்தது. அதை உடைத்துத்தான் கணவாயைத் தேட வேண்டியிருந்தது. கணவாய் ரப்பர். விசாலாட்சி ஒன்றுமே பேசவில்லை. அவள் குறை சொன்னால் எனக்குத் தைரியமாக இருக்கும். பேசாமல் இருந்தால்தான் பயம்.

பஸ் நிறுத்தத்தில் நின்றபோது பேசினாள். "ரெண்டு எடம் பாத்தாச்சு. ரெண்டுலயும் மீன் மேலயே சீஸ். அப்ப அதுதானே மொறை? அந்தப் பொண்ணு என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டு இல்லாம தின்னுருக்கா. நான் அதையே பெருசா நெனச்சுக்கிட்டு ஊருக்கெல்லாம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

"ரெண்டையும் விட உன்னோடது நல்லா இருக்கும் விசாலம்."

"புருஷன் சொல்றது செல்லாது."

"ஏன் செல்லாது? தின்னவன் நான்."

"எதப் போட்டாலும் திங்கறவரு நீங்க. சந்திரமோகனுக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிருங்க."

"கப்பல் ஏறுறதுக்கு முன்னாடிதானே சொல்லணும்? இன்னும் ஏறலயே" என்றேன். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் ஆழமாகப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் அவளை மண்ணடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பும் கப்பலில் கடைக்கு வேண்டிய மசாலாச் சாமான் ஏற்றுவதற்கு அப்ஸலைப் பார்க்க வேண்டியிருந்தது. மூட்டைகளுக்கு நடுவே எங்களை உட்காரவைத்து டீ சொன்னான். போர்ட் பிளேயரில் வளர்ந்தவன் என்பதால் எங்களோடு பேசும்போது மட்டும் அவன் வாயில் தீவு ஹிந்தி வந்துவிடும்.

"அரே அண்ணே, இத்தாலியனா? என்கிட்ட கேட்டுட்டு வந்திருக்கலாமே. சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் இங்க பாதி ஹோட்டலுக்கு நான்தானே போடறேன்."

"அதிகமா சீஸ் வாங்கற கடை எது?" என்று கேட்டாள் விசாலாட்சி. விடாமல் அதிலேயே நின்றாள்.

"அதிகமா வாங்கறவன் கடைக்குப் போகாதீங்கக்கா. மீன் கெட்டுப்போனா மூடறதுக்கு வாங்கறான். பெசன்ட் நகர் பக்கம் ஒரு அக்கா நடத்துது, ரூபான்னு பேரு. இத்தாலியில போய்ப் படிச்சுட்டு வந்தது. என்கிட்ட சீஸ் கொஞ்சம்தான் எடுக்கும். ஆனா வியாழக்கிழமை காலைல காசிமேட்டுல போய்ப் பாருங்க. மட்டிக்காரியோட சண்டை போட்டுக்கிட்டு நிக்கும். அள்ளி வாங்காது. ஒவ்வொரு மட்டியா எடுத்துத் தட்டிப் பாத்து வாங்கும். மட்டிக்காரி திட்டுவா, இது என்ன தேங்காயான்னு."

விசாலாட்சி டீயைக் கீழே வைத்தாள். "தட்டிப் பாத்தா?"

"ஹான்."

வாய் திறந்த மட்டிச் சிப்பியைத் தட்டினால் உயிருள்ளது மூடிக்கொள்ளும், செத்தது மூடாது. வண்டூரில் விசாலாட்சியும் அப்படித்தான் வாங்குவாள். மட்டி கொண்டுவருகிறவன் இவளைக் கண்டாலே சாலையின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான்.

"வியாழக்கிழமை போவோம்" என்றாள்.

ரூபாவின் இடம் வீடாக இருந்து கடையானது. தெருவில் இருந்து பார்த்தால் பெயர்ப் பலகைகூடச் சரியாகத் தெரியாது. அருண்பிரசாத் போனில் தேடிப் பார்த்து, "மூணே முக்கால் ஸ்டார்தான் மாமா. சர்வீஸ் ரூடுன்னு எழுதியிருக்கான், கேட்டத தரமாட்டாங்களாம்" என்றான். நான் வாசலில் காத்திருந்தேன். வயதான ஒருவர் மனைவியோடு வெளியே வந்தார். என் கேள்வியைக் கேட்டேன்.

"அடுத்த வியாழக்கிழமை" என்றார் யோசிக்காமல். "மட்டி வர்ற நாளாச்சே."

மேற்கொண்டு யாரையும் கேட்கவில்லை. உள்ளே போனோம்.

மட்டி பாஸ்தா வந்தது. ஓட்டோடு மட்டி, பூண்டு, எண்ணெய், கொஞ்சம் இலை. வேறொன்றும் இல்லை. தட்டைப் பார்த்ததும் விசாலாட்சி என்னைப் பார்த்தாள். அருண்பிரசாத் பரிமாறின பெண்ணைக் கூப்பிட்டான்.

"சிஸ்டர், சீஸ் கொண்டு வர மறந்துட்டீங்க."

"இதுக்கு வராது சார்."

"எக்ஸ்ட்ரா போட்டுக்குங்க, பரவால்ல."

"இல்ல சார், மட்டிக்கு நாங்க குடுக்கறதில்ல."

"என்னங்க இது, இத்தாலியன் ஹோட்டல்ல சீஸ் இல்லைன்னா? ஓனரக் கூப்பிடுங்க."

நான் மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும், தலையில் துணி கட்டியிருந்தார். ரூபா.

"யாருக்கு சீஸ் வேணும்?"

"எனக்குத்தாங்க" என்றான் அருண்பிரசாத். குரல் ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது.

"சொந்த ஊரு எது தம்பி?"

"திருநெல்வேலி பக்கம்."

"உங்க வீட்டுல மீன் குழம்பு சோத்துல தயிர் ஊத்திப் பெசஞ்சு தருவாங்களா?"

"ஐயோ, மீனுக்குத் தயிரா?"

"அதேதான். இத்தாலில ஒரு பாட்டிகிட்ட போய் மட்டிக்கு, கணவாய்க்கு சீஸ் கேட்டுப் பாருங்க, இப்ப நீங்க சொன்னீங்களே, அதே ஐயோதான். கறிக்குப் போடுவாங்க, காய்க்குப் போடுவாங்க. கடல்ல இருந்து வந்ததுக்குப் போடறது வழக்கமில்ல."

விசாலாட்சியின் கையில் இருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

"அப்ப, கப்பல் வந்தாலும் போடக் கூடாதா?"

ரூபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் கப்பல்?"

"எங்க கப்பல்."

நான்தான் குறுக்கிட்டு முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். ஜூலியா, ஊரடங்கு, பாக்கெட், கையைப் பிடித்துத் தலையாட்டினது, போர்டு. போர்டில் மூன்று மொழியிலும் மன்னிப்புக் கேட்டிருந்தது என்பதை நான் சொன்னபோது ரூபா பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விசாலாட்சி சிரிக்கவில்லை. அவள் முகம் சிவந்துகொண்டு வந்தது. எனக்கு அது தெரியும்; மீன்காரன் எடையில் குறைத்துவிட்டான் என்று தெரிந்தால் வருகிற சிவப்பு.

"இத்தன வருஷமா," என்றாள் என்னைப் பார்த்து, "ஒழுங்கா செஞ்ச சாப்பாட்டுக்கா மன்னிப்பு கேட்டுக்கிட்டு இருந்தோம்?"

"நான்தானே எழுதினேன்" என்றேன்.

"நான்தானே எழுதச் சொன்னேன். அந்த வெள்ளக்காரங்க ஒதுக்கி வச்சப்பவே தெரிஞ்சிருக்க வேணாமா? நல்ல சீஸத் தூக்கிப் போட்டேன்." பிறகு ரூபாவிடம் திரும்பினாள். "நீங்க உக்காருங்க. நான் எப்படிச் செய்வேன்னு சொல்றேன். தப்பு இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லணும்."

ரூபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விசாலாட்சி சொன்னாள்: முட்டையின் அளவுக்கு மாவு; மழை நாளில் மாவு ஈரம் குடித்திருக்கும், அதனால் ஒரு முட்டை குறைவு; பூண்டு நிறம் மாறுவதற்கு முன் தக்காளி; கணவாய் சட்டியில் இருக்கும்போது பேச்சுக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும். ரூபா நடுநடுவே கேள்வி கேட்டார். ஒரு இடத்தில், "தக்காளி ஏன் சுருங்கினதா?" என்றார்.

"மூணு நாள் கப்பல்ல வந்தா நீங்களும் சுருங்கித்தான் போவீங்க. ஆனா அப்ப தண்ணி வத்தி இனிப்பு ஏறியிருக்கும்."

"சர்தான்" என்றார் ரூபா. எழுந்து உள்ளே போய், தனக்கும் ஒரு தட்டு கொண்டுவந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். "இப்ப நீங்க சொல்லுங்க. என்னோடது எப்படி?"

அருண்பிரசாத் என்னைப் பார்த்தான். அத்தை ஏடாகூடமாக ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். விசாலாட்சி இன்னொரு வாய் எடுத்து நிதானமாக மென்றாள்.

"மாவு உங்களோடது மேல. எனக்கு இவ்வளவு மெல்லிசா வராது, கத்துக்கணும். மட்டி ரெண்டும் ஒண்ணு. ஆனா அடியில நிக்கிற சாறு என்னோடது மேல."

ரூபா தன் தட்டை ஒரு நிமிஷம் பார்த்தார். "சாறு இன்னைக்குக் கொஞ்சம் உப்பு" என்றார். "அடுத்த லீவுக்கு வண்டூர் வந்து தின்னுட்டுத்தான் ஒத்துக்குவேன்."

"வாங்க. சீஸ் எடுத்துட்டு வராதீங்க."

அவள் இதைச் சொன்ன விதத்தை நான் எழுதிக் காட்ட முடியாது. இத்தாலியில் படித்தவர் எதிரே, முள்கரண்டியைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத என் மனைவி, இது மேல், இது கீழ் என்று பிரித்துச் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜைக்காரரிடம், இவள் என் மனைவி என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லியும் விட்டேன். அவர், "தெரியுது சார்" என்றார்.

வெளியே வந்து கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"சந்திரமோகன், ஹாலை நான் எடுத்துக்கறேன். கொல்கத்தாக்காரங்கள அனுப்பிருங்க. போர்டு மட்டும் நாங்க எழுதுவோம்" என்றாள். அந்தப் பக்கத்தில் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டது. அருண்பிரசாத் தன் போனில் எதையோ அழுத்திக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். அந்தக் கடைக்கு ஐந்து ஸ்டார் போட்டுக்கொண்டிருந்தான்.

ஊருக்கு வந்து இறங்கின கையோடு விசாலாட்சி பழைய போர்டைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். பெயிண்ட் டப்பாவையும் வைத்தாள்.

"மொதல்ல மன்னிக்கவும்கிறத அழிங்க. மூணுலயும்."

அழித்தேன்.

"இப்ப எழுதுங்க. கப்பல் வந்தாலும் சீஸ் இல்லை."

மூன்று மொழியிலும் எழுதினேன். ஹாலைப் பெருக்க ஆள் கூட்டிக்கொண்டு வந்த சந்திரமோகன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, டூரிஸ்டு கோவிச்சுக்குவான்க்கா."

"கோவிச்சுக்கட்டும். பூரி திங்கச் சொல்லுங்க."

ஹால் திறந்த அன்று முதல் ஆளாகப் பிஸ்வாஸ் வந்து உட்கார்ந்தான். போர்டைப் படித்துவிட்டு, நீங்கள் மெயின்லேண்ட் போய் சீஸ் வாங்கிக்கொண்டு வருவோம் என்றல்லவா நினைத்தேன் என்று ஹிந்தியில் குறைப்பட்டான். விசாலாட்சி இதற்காகவே காத்திருந்தவள் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். சென்னையில் கேட்ட கேள்வியை அப்படியே ஹிந்தியில் கேட்டாள்: "மீனுக்குத் தயிர் போட்டுத் தின்பாயா நீ?"

பிஸ்வாஸ் முகம் மலர்ந்துவிட்டது. "ஹான் பாபி! தயிர் போட்டுத்தானே மீன் குழம்பே! எங்க வீட்டுக்கு வாங்க, செஞ்சு தரச் சொல்றேன்."

வங்காளியிடம் போய்க் கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஹாலே சிரித்தது. சந்திரமோகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். விசாலாட்சி அரை நொடிதான் தடுமாறினாள்.

"உன் மீனுக்கு நீ ஊத்திக்க. என் கணவாய்க்குக் கெடையாது. தின்னு பாத்துட்டுப் பேசு" என்று தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

ரூபாவிடம் பார்த்து வந்தது முதல் மாவை மெல்லியதாகத் தேய்க்க அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் சரியாக வந்திருந்தது. பிஸ்வாஸ் தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். நான் போய் அவன் பக்கத்தில் நின்று என் ஜன்னல் கேள்வியைக் கேட்டேன்.

"அடுத்து எப்ப வருவே பிஸ்வாஸ்?"

"ஷாம் கோ" என்றான். மேஜை துடைக்கிறவருக்கும் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னான். "சாயந்தரம்."

உள்ளேயிருந்து விசாலாட்சியின் குரல் வந்தது. "ஏங்க, வாய் பாத்துக்கிட்டு நிக்காம முட்டை எடுத்துட்டு வாங்க. சாயந்தரத்துக்கு மாவு பெசையணும்."